முகமலர்ச்சிச் சங்கத்தின் பொறுப்புச் செயலாளர்

ஜூன் 3, ஞாயிறு

பெருமதிப்புக்கும் பெருவயிற்றுக்கும் உரிய செயலாளர் அவர்களுக்கு, அதாவது அன்புள்ள அப்பாவுக்கு,

முகமலர்ச்சிச் சகோதரர் சங்கம் ஆழ்ந்த மகிழ்ச்சியோடு அறிவிப்பது யாதெனில்: இன்று மாலை நாலு மணி ஏழு நிமிடத்துக்கு, பதினோரு வருடம் லீவு போடாமல் சங்கத்துக்கு உழைத்த ஏழாம் எண் நாற்காலி, கணக்கு வாத்தியார் உட்கார்ந்த மறுகணமே தன் நாலாவது காலைத் துறந்தது. உடனே அவசரக் கூட்டம் கூடி, மேற்படி நாற்காலி இன்று முதல் முக்காலி என்றே அழைக்கப்படும் எனத் தீர்மானம் போட்டோம். எதிர்த்தவர் ஒருவர். அவர் தரையில் இருந்தார்.

இரண்டாவது அறிவிப்பு. புதிதாக ஓர் உறுப்பினர் சேர்ந்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டுகிறாரே, நாள் முழுக்கப் பயணம் செய்தும் ஓர் ஊருக்கும் போய்ச் சேராத அந்த அண்ணன்தான். நீங்கள் பதிவேட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போன இந்தப் பத்து மாதத்தில் நான் சேர்த்த முதல் ஆள். சலவைக்கடைப் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மாடிப்படி ஏறியே பழக்கமில்லையாம். சட்டதிட்டங்களை நானே விளக்கினேன்.

"அண்ணே, இந்தப் பலகையில பன்னிரண்டு ஆணி இருக்கு. கடைசி ஆணி உங்களுது. உள்ள வர்றதுக்கு முன்னாடி உங்க வருத்தத்தை அதுகிட்டச் சொல்லி மாட்டிட்டு வரணும். போகும்போது வேணும்னா எடுத்துட்டுப் போகலாம்."

"சத்தமா சொல்லணுமா தம்பி?"

"ஆணிக்குக் கேட்டாப் போதும்."

"அது வெளியில சொல்லிட்டா?"

"பதினோரு வருஷத்துல ஒரு ஆணியும் வாயைத் திறந்ததில்ல."

அவர் ஆணிக்கு நேரே மூக்கை வைத்து ஐந்து நிமிடம் முணுமுணுத்தார். பின்னால் வரிசை படி வரைக்கும் போய்விட்டது.

அடுத்து வருகைப் பதிவு. தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லக் கூடாது, சிரிக்க வேண்டும், செயலாளர் தலை நிமிராமல் சிரிப்பைக் கேட்டே டிக் அடிப்பார் என்றதும் மிரண்டுவிட்டார். தலைவர் வழக்கம்போல் துருப்பிடித்த பீரோவைத் திறப்பது மாதிரி சிரித்துக் காட்டினார். (சலூன்காரரைத் தலைவராகப் போட்டது நீங்கள்தான். தலையை அவர் கையில் கொடுத்தபின் பதவியையும் கொடுக்கத்தானே வேண்டும்.) வாத்தியார் மூன்று தவணையாகச் சிரித்தார். மருந்துக்கடை மாமாவுக்கு மட்டும் நான் தலை நிமிர வேண்டியிருக்கிறது. அவர் சிரிப்புக்குத்தான் சத்தமே கிடையாதே. தோள் குலுங்குகிறதா என்று கண்ணால் பார்த்து டிக் அடித்தேன்.

சித்தப்பா நலம் என்று நினைக்கிறேன். அச்சகத்தில் அவருக்கு இன்னும் ராத்திரி ஷிப்டுதான். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தூங்க வருகிறார். நான் திரும்பும்போது தூங்கிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் ஆறேகாலுக்கு வாசலில் பத்து நிமிடம் எங்களுக்குள் சந்திப்பு. "சாப்டியா?" "சாப்டேன்." "படிச்சியா?" "படிச்சேன்." இரண்டில் ஒன்று எப்போதும் பொய். எது என்று அவர் கேட்பதில்லை.

நீங்கள் வர இன்னும் தொண்ணூறு நாள். நான் எண்ணவில்லை, காலண்டர் எண்ணுகிறது. சங்கத்தார் அனைவரும் உங்களை மிகவும் விசாரித்தார்கள்.

இப்படிக்கு,
பொறுப்புச் செயலாளர்
(பதவி தற்காலிகம், பெருமை நிரந்தரம்)


ஜூன் 14

என் பொறுப்புக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காலையிலேயே கிடைத்தும் பிரிக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிரேனில் ஏறினேன். நூற்று அறுபது படி. மேலே போய்விட்டால் பத்து மணி நேரம் கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் நெம்புகோலும்தான். கீழே துறைமுகத்தில் நூறு பேர் நடப்பார்கள், ஒருத்தன் முகமும் தெரியாது, தொப்பிதான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் கூண்டில் உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். தனியாகச் சிரித்தேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அப்புறம் அறைக்கு வந்து நம் ஆட்களுக்கு வாசித்துக் காட்டினேன். முக்காலி இடத்தில் வெல்டர் கட்டிலிலிருந்து உருளப் பார்த்தான். அவனுடையது மேல் கட்டில். "உங்க பையனா எழுதினான்?" என்று மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் ஆமாம் என்றேன். நாலாவது தரமும் கேட்பானா என்று பார்த்தேன், தூங்கிவிட்டான்.

டேய், அந்தச் சங்கத்தை நானும் சலூன்காரரும் எப்போது ஆரம்பித்தோம் தெரியுமா? உன் அம்மா தவறிப்போன வருஷம். உனக்கு நாலு வயது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் நீ கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய். வருத்தத்தை எங்கேயாவது மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்று தோன்றியது. ஆணி அடித்தோம். அதனால்தான் உன்னை வளர்க்க முடிந்தது. உன் கடிதத்திலும் ஒரு பெருமூச்சுகூட இல்லை. அதான்டா என் மகன்.

ஒரு விஷயம். ஆகஸ்டோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு என்று மேஸ்திரி நச்சரிக்கிறார். போட்டால் உன் மேற்படிப்புக்குக் கவலையில்லை. ஆனால் நடுவில் லீவு கிடையாது. நான் பிடி கொடுக்கவில்லை. எல்லாம் உன்னைப் பொறுத்தது. நீ அங்கே முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாய் என்றால் நான் இங்கே ஒரு நாள்கூட இருக்க மாட்டேன். நன்றாக இருக்கிறாய் என்றால் யோசிக்கலாம். போனில் இதைப் பேசலாம் என்றால், வரிசையில் பின்னால் நிற்கிறவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். எழுது.

மருந்துக்கடைக்காரரை நான் ரொம்ப விசாரித்ததாகச் சொல். அவர் வீட்டுக்காரம்மாவுக்கு உடம்பு தேவலையா என்று கேள்.

அப்பா


ஜூன் 24, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படிக்கவும். மேல் கட்டில்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கவும். உங்கள் சங்கத்தின் பதினோரு வருட வரலாற்றில் இல்லாத வேடிக்கை இன்று நடந்தது. நடத்தியவர் அடியேன்.

ஆணிப் பலகைக்குப் பின்னால் சலவைக்கடைக்காரர் இஸ்திரி போட்ட துணியை அடுக்கி வைக்கிற இடுக்கு இருக்கிறதல்லவா? மூன்றரை மணிக்கே அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். கீழேயிருந்து வந்த ஆவியில் நானும் பாதி வெந்துவிட்டேன். (மாடியில் ஆவி நடமாட்டம் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். அது நான்தான்.) ஒவ்வொருவராக வந்து ஆணியிடம் முணுமுணுத்தது எல்லாம் காதில் விழுந்தது. பாதிப் பேருக்குப் பல்வலி. வாத்தியாருக்கு மருமகன் வலி.

பிறகு பின்படியில் இறங்கி, முன்படியில் ஏறி, ஒன்றுமறியாப் பிள்ளையாய்ப் பதிவேட்டைத் திறந்தேன். மருந்துக்கடை மாமாவின் முறை வந்தது. அவர் ஆணியிடம் சொன்னதை அவர் குரலிலேயே, நடுவில் வரும் அந்த இருமல் உட்பட, அச்சு அசலாகச் சொல்லிக் காட்டினேன். என்ன சொன்னேன் என்று எழுத இடமில்லை. எழுதினாலும் குரல் இல்லாமல் எடுபடாது.

விளைவு: தலைவர் தாங்க முடியாமல் எழுந்து கீழே இறங்கிப் போய்விட்டார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். லிப்ட் அண்ணன் படியிறங்கிய வேகத்துக்கு லிப்டே வெட்கப்பட்டிருக்கும். மாமாவின் தோள் குலுங்கியதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். கூட்டம் நாலரைக்கே கலைந்துவிட்டது.

ஒப்பந்த விஷயம். நான் முகம் வாடி உட்கார்ந்திருக்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். என் முகம் வாடுவதற்கு அது என்ன கீரைக்கட்டா? யோசிக்கலாம் என்றால் யோசியுங்கள்.

மாமாவின் வீட்டுக்காரம்மாவைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். சங்கத்தார் அனைவரும் உங்களை மிகவும் விசாரித்தார்கள்.

இப்படிக்கு,
சிரிப்புச் சக்கரவர்த்தி
பொறுப்புச் செயலாளர்


ஜூலை 5

என் பொறுப்புக்கு,

கடிதம் கிடைத்தது. இந்த முறை அறையில் வாசிக்கவில்லை. வெல்டர் கேட்டான், நாளைக்கு என்றேன்.

மருந்துக்கடைக்காரர் ஆணியிடம் என்னடா சொன்னார்? பதினோரு வருஷமாக என் ஆணிக்குப் பக்கத்து ஆணி அவருடையது. அவர் பேச ஆரம்பித்தால் நான் விசில் அடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். ஒரு வார்த்தை என் காதில் விழுந்ததில்லை. அவரும் என்னுடையதைக் கேட்டதில்லை. எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். சிரித்தார்கள் என்றால் சரி. நீ நேரில் பார்த்தவன், நான் இங்கே கூண்டில் இருப்பவன்.

சும்மா என் மனசுக்கு ஒன்று செய். அவர் கையால் இரண்டு வரி எழுதி வாங்கி அனுப்பு. முன்பெல்லாம் பதிவேட்டு ஓரத்தில் ஏதாவது கிறுக்கி வைப்பார், அது மாதிரி.

இங்கே மூன்று நாளாகப் பனிமூட்டம். சரக்கு இறக்கக் கூடாது, ஆனால் கூண்டை விட்டு இறங்கவும் கூடாது. எப்போது விலகும் என்று யாருக்கும் தெரியாதல்லவா. நேற்று ஆறு மணி நேரம் வெள்ளையாக ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் முதல் கடிதம் பையில் இருந்தது. படித்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து போய்விட்டது, அந்த இடத்தில் நானே ஏதோ சொல்லி நிரப்பிக்கொள்கிறேன்.

சாப்பிடுகிறாயா? சித்தப்பாவிடம் சொல்கிற பதிலை என்னிடம் சொல்லாதே.

அப்பா


ஜூலை 15, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

சங்கத்தின் அசுர வளர்ச்சி குறித்த அறிக்கை.

உறுப்பினர் எண்ணிக்கை இருபத்து மூன்று. ஆம், சரியாகத்தான் படிக்கிறீர்கள். ஆணி பன்னிரண்டுதான் என்பதால் ஓர் ஆணிக்கு இரண்டு பேர் என்று பங்கிட்டுக் கொடுத்திருக்கிறேன். வருத்தங்கள் தங்களுக்குள் இடித்துக்கொள்கின்றன. நாற்காலி போதாமல் மாடிப்படியில் உட்காருகிறார்கள். வாத்தியார் இவர்களை எண்ணி முடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிடுகிறது. கூட்டல் தெரிந்தவருக்கே இந்தக் கூட்டம் தாங்கவில்லை. சலவைக்கடைக்காரர் இன்றைக்குக் கீழேயிருந்து சத்தம் போட்டார்: "மேல எத்தனை பேர்டா? பீரோ சத்தம், தவணைச் சிரிப்பு, எல்லாம் ஒரே நேரத்துல கேட்குது! கூரை இறங்கிடப் போவுது!" இது மட்டும் சத்தியமாக அவர் சொன்னதுதான்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை நானே தனியாக அடுக்கினேன். மற்றவர்களுக்கு வேலை இருந்தது.

மருந்துக்கடை மாமா சொன்னது என்ன என்பது சங்க ரகசியம். ஆனால் நீங்கள் கேட்டபடி அவர் கையால் எழுதி வாங்கியது இதோ, துண்டுச்சீட்டில் இணைத்திருக்கிறேன்:

"நலம். நலமறிய ஆவல். பையன் சங்கத்தைப் பிரமாதமாக நடத்துகிறான். உன்னைவிட மேல். ஒரு குறையும் இல்லை. நிம்மதியாக இரு."

பார்த்தீர்களா? இனிமேல் பனிமூட்டம் வந்தால் இதையும் சேர்த்துப் படிக்கலாம்.

சாப்பிடுகிறேன். ரொட்டி, முட்டை, சில நாள் முட்டை, ரொட்டி. நானே சமைக்கிறேன். சித்தப்பா எழுந்துவிடக் கூடாது என்பதால் சத்தமில்லாமல் முட்டை உடைக்கக் கற்றுக்கொண்டேன். உலகத்தில் நாலு பேருக்குத்தான் இந்த வித்தை தெரியும்.

சங்கத்தார், இருபத்து மூன்று பேரும் தனித்தனியாக, உங்களை விசாரித்தார்கள்.

இப்படிக்கு,
பொறுப்புச் செயலாளர்
(தலைமையகம் மற்றும் படிக்கட்டு)


ஜூலை 27

என் பொறுப்புக்கு,

துண்டுச்சீட்டைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மருந்துச்சீட்டாகவே படித்துப் படித்து அந்த மனுஷனின் கையெழுத்தும் கோழி கிளறிய மாதிரி ஆகியிருந்தது, இப்போது புரிகிற மாதிரி எழுதியிருக்கிறார். நல்ல காலம்தான். "உன்னைவிட மேல்" என்று எழுதியதை வெல்டரிடம் காட்டினேன். அவன் அறை முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

பொறுப்பு, நான் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். நீ ஒரு மாதிரி இருக்கிறாயோ என்று எனக்குள் ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. அம்மா இல்லை, நானும் இல்லை, சித்தப்பன் இருந்தும் இல்லை. ராத்திரி பகலாக அந்த நினைப்புதான். இப்போது பார்த்தால் என் பிள்ளை இருபத்து மூன்று பேரைக் கட்டி மேய்க்கிறான். நான்தான் உன்னைச் சின்னப் பையன் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அதனால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மூன்று வருஷம். நீ பள்ளிக்கூடம் முடித்து, மேற்படிப்பில் கால் வைக்கும்போது வந்துவிடுவேன். ஆகஸ்ட் இருபதுக்குள் மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டும். உன் வாயால் ஒரு வார்த்தை "போடுங்க அப்பா" என்று வரட்டும், அதற்குத்தான் காத்திருக்கிறேன். சரி இல்லை என்றால் அதையும் சொல்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கூண்டுக்கு ஒரு சின்னக் காற்றாடி கொடுத்திருக்கிறார்கள். அதோடு பேசுகிறேன். தலையை ஆட்டுகிறது.

அப்பா


ஆகஸ்ட் 5, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

போடுங்க அப்பா.

பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிதாகப் போடுங்கள். மூன்று வருடம் என்ன, முப்பது வருடம் என்றாலும் சமாளிக்கிறவன் நான். இன்றுகூடக் கூட்டம் அலைமோதியது. உறுப்பினர்கள் முப்பத்தொன்று. எனக்கு எதற்கும் நேரமில்லை, வருத்தப்படுவதற்குத் தனியாக ஆள் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

நீங்கள் திரும்பி வரும்போது எனக்கு உங்களைவிட உயரம் இருக்கும். அடையாளம் தெரியாவிட்டால் சிரிப்பை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளவும்.

சங்கத்தார் விசாரித்தார்கள்.

பொறுப்புச் செயலாளர்


ஆகஸ்ட் 6, திங்கள்

அப்பா,

நேற்றுப் போட்ட கடிதம் முன்னால் வந்துவிட்டால் அதைக் கிழித்துப் போடுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

காலையில் பள்ளிக்கூடம் போகாமல் தபால் பெட்டிப் பக்கத்தில் நின்றேன். தபால்காரர் வந்து பூட்டைத் திறந்ததும், "அண்ணே, பச்சை உறை, என்னுது, எடுத்துக்கறேன்" என்றேன்.

"உள்ள விழுந்தது யாருதும் இல்ல தம்பி. போய்ச் சேர்ந்தப்புறம்தான் வாங்குறவங்களுது."

"தப்பா எழுதிட்டேன் அண்ணே."

"எல்லாரும் தப்பாத்தான் எழுதுறாங்க. நான் அதுக்கெல்லாம் பொறுப்பா? பத்து நாளாகும் அது போக. விரைவுத் தபால்னா அஞ்சு நாள். முந்தணும்னா முந்திக்க."

அதனால்தான் இது விரைவுத் தபால். தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் ஒரு பொய்கூட இல்லை, அதனால் கொஞ்சம் சுவை குறைவாக இருக்கும்.

சங்கத்தில் முப்பத்தொரு பேர் இல்லை. இருபத்து மூன்று பேரும் இல்லை. ஒருவர்தான். அவர் இப்போது உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மருந்துக்கடை மாமா அன்றைக்கு ஆணியிடம் சொன்னது இதுதான்: "இன்னைக்கும் அவளுக்கு என்னைத் தெரியல. நீங்க யாருன்னு கேட்டா. மருந்து குடுக்க வந்தவர்னு சொல்லிட்டு வந்தேன்." இதைத்தான் அவர் குரலில், இருமலோடு, எல்லார் முன்னாலும் சொன்னேன் அப்பா. ஒளிந்திருந்து கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும் என்று தோன்றியது. சொல்ல ஆரம்பித்ததுமே அப்படித் தோன்றவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது, நிறுத்தத் தெரியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கீழே இறங்கிப் போனது உண்மை. போகும்போது, "இனிமே எவன்டா இந்த ஆணியை நம்புவான்?" என்று மட்டும் கேட்டார். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தது உண்மை. லிப்ட் அண்ணன் ஓடியதும் உண்மை. மாமாவின் தோள் குலுங்கியதும் உண்மைதான். அது சிரிப்பு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் பதிவேட்டில் டிக் அடித்தேன். கைப்பழக்கம்.

யாராவது ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஒருத்தரும் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள், ஆணிப் பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள், ஐந்து நிமிடத்தில் எழுந்து போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு வாத்தியார் மட்டும். கைக்கடிகாரத்தை நாலு தரம் பார்த்துவிட்டு, "நல்லாப் படிடா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு ஒருவரும் இல்லை.

நான் மட்டும் நாலு மணிக்குப் போய்க் கதவைத் திறந்து, நாற்காலியெல்லாம் போட்டு, வருகைப் பதிவு எடுக்கிறேன். தலைவர் என்று கூப்பிட்டுத் தலைவர் மாதிரி நானே சிரிப்பேன். வாத்தியாருக்கு மூன்று தவணை. லிப்ட் அண்ணனுக்கு ஒன்று. சலவைக்கடைக்காரர் கூரை இறங்கும் என்று கத்தியது இதைக் கேட்டுத்தான். மருந்துக்கடை மாமாவைக் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். அந்த இடம்தான் ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

அந்தத் துண்டுச்சீட்டு நான் எழுதியது. கோழி கிளறிய மாதிரி எழுத முயன்றேன், வரவில்லை. யாரும் உங்களை விசாரிக்கவும் இல்லை. எல்லாத் தடவையும் நான்தான் விசாரித்தேன்.

தபால் பெட்டியிலிருந்து நேரே மருந்துக்கடைக்குப் போனேன். ஆறு வாரமாக அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். மாமா மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே, "என்ன வேணும்?" என்றார், யாரோ ஒரு வாடிக்கையாளரைக் கேட்கிற மாதிரி.

"ஒண்ணும் வேணாம் மாமா."

"ஒண்ணும் வேணாம்னா ஓரமா நில்லு. வழியை மறைக்காத."

நின்றேன். நாலு பேரும் போனார்கள். இன்னும் மூன்று பேர் வந்தார்கள், அவர்களும் போனார்கள். அப்புறம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை, நடுவில் மூக்கு ஒழுகிவிட்டது. அவர் பஞ்சுச் சுருளில் கொஞ்சம் பிய்த்துக் கொடுத்தார்.

"அது என் குரல் மாதிரியே இருந்துச்சுடா. அதான் தாங்கல. நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா எப்ப வர்றார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு அம்மா சீட்டை நீட்டினார்கள். அவர் அதைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த ஒரு தடவை ஒருவர் நிஜமாகவே விசாரித்தார். அதை உடனே உங்களிடம் சேர்க்கிறேன்.

அப்பா, நான் நன்றாக இல்லை. மேற்படிப்பெல்லாம் எப்படியாவது படித்துக்கொள்கிறேன். நீங்கள் திட்டுவதாக இருந்தாலும் வந்து திட்டுங்கள், கடிதத்தில் வேண்டாம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்ததும் "வந்துட்டேன்" என்று சொல்வேன். சித்தப்பா தூங்குவார் என்பதால் மெதுவாகத்தான். சொல்லிவிட்டு, பையைக்கூட இறக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். பதில் வராது என்று தெரியும். தெரிந்துதான் நிற்கிறேன். பதினைந்து வயதில், மீசை வேறு அரும்பிவிட்ட நிலைமையில், இதை எழுத ரொம்பக் கூச்சமாக இருக்கிறது. வெல்டரிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

உள்ளேயிருந்து யாராவது "வாடா" என்று சொல்ல வேண்டும் அப்பா. சத்தமாக. அவ்வளவுதான்.

உங்கள் மகன்